லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? வேலூர் சுத்துவட்டாரக் கேள்விகளுக்கு ஒரு சர்வீஸ்காரரின் பதில்கள்

தோட்டப்பாளையத்துல 22 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். காலேஜ் அட்மிஷன் நேரம் வந்துட்டா கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் இந்த ஒரே கேள்விதான். ஞாயித்துக்கிழமை, கடை லீவு. சாயந்திரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன், கேளுங்க. எந்த கம்பெனி மாடல் வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க, அது மாசத்துக்கு மாசம் மாறும்.

குடியாத்தம், ஒரு அம்மா: பையன் பி.காம் சேர்றான் அண்ணா. தினம் பஸ்ல வேலூர் வந்து போவான். 45 ஆயிரம் வெச்சிருக்கோம். எது வாங்கட்டும்?

பதில்: அம்மா, அந்த மெஷின் வாரத்துல எத்தனை நாள் உங்க வீட்டு வாசப்படியத் தாண்டும்? அதுக்குப் பதில் சொன்னீங்கன்னா பாதி முடிவாயிடும். பி.காம்ல பெரும்பாலும் எக்செல், டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), ப்ராஜெக்ட் டைப்பிங். பல காலேஜ்ல லேப் இருக்கு. லேப்டாப் கொண்டு வரச் சொல்றாங்களான்னு அட்மிஷன் அன்னைக்கே கேட்டுடுங்க. கட்டாயம் இல்லன்னா டெஸ்க்டாப் வாங்குங்க. அதே 45 ஆயிரத்துல நல்ல மானிட்டர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டின்னு தாராளமா வரும். காலைல குடியாத்தம் பஸ்ல நின்னுகிட்டே வர்ற பையனோட பையில லேப்டாப் என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். ஸ்கிரீன் கீல் விட்டுப்போய் வர்ற கேஸ்ல முக்காவாசி இப்படி நசுங்கினதுதான்.

ஆம்பூர், ஷூ கம்பெனி கணக்குப்பிள்ளை: ஆபீசுக்கு ரெண்டு சிஸ்டம் வேணும். காலைல 9 மணிக்கு ஆன் பண்ணா ராத்திரி 8 வரைக்கும் டேலியும் எக்ஸ்போர்ட் பேப்பரும்தான். லேப்டாப் வாங்கிட்டா டேபிள்ல இடம் மிச்சம்னு முதலாளி சொல்றார்.

பதில்: இடம் மிச்சம்தான், ஆனா கழுத்துக்குக் கேடு சார். லேப்டாப்புல ஸ்கிரீன் கீழ, கீபோர்டும் கீழ. 11 மணி நேரம் குனிஞ்சே இருக்கணும். மானிட்டரோட மேல் விளிம்பு உங்க கண் மட்டத்துக்கு வரணும். அது டெஸ்க்டாப்புல சுலபம்.

அதைவிட முக்கியம் ரிப்பேர். டெஸ்க்டாப்புல எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் சப்ளை பண்ற பெட்டி) போனா எஸ்எம்பிஎஸ் மட்டும் மாத்துறோம், அரை மணி நேர வேலை. கீபோர்டுல டீ கொட்டினா கீபோர்டு மட்டும் புதுசு. லேப்டாப்புல அதே டீ கீபோர்டு வழியா இறங்கி நேரா மதர்போர்டுல உட்காரும். இப்ப வர்ற மெலிசு லேப்டாப் பலதுல ரேமை போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணிடறான், பின்னாடி கூட்டவும் முடியாது, போனா மாத்தவும் முடியாது. மாசக் கடைசியில ஷிப்மென்ட் பேப்பர் நிக்கற அன்னைக்கு மெஷின் படுத்தா எது அரை மணியில எழுந்திரிக்கும்னு முதலாளிகிட்ட கேளுங்க.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிக்கு மேல போகுது. லேப்டாப்புல இருக்கறது கையகல ஃபேன், அது உறிஞ்சறதும் அதே சூட்டுக் காத்துதான். டெஸ்க்டாப் கேபினெட்ல காத்து ஓட இடம் இருக்கு. தோல், பஃபிங் தூசி பறக்கற இடம்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து ப்ளோயர் அடிங்க.

சத்துவாச்சாரி, ஐடிஐ மாணவர்: அண்ணா, லேப்டாப்லயும் ஐ5 ப்ராசசர்னு போட்டிருக்கான், டெஸ்க்டாப்லயும் ஐ5. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: நல்ல கேள்வி தம்பி, கடைக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க. பேர்தான் ஒண்ணு. டெஸ்க்டாப்புக்கு வர்ற ஐ5-12400க்கு அடிப்படை மின்சக்தி 65 வாட். அதே தலைமுறை லேப்டாப்புல வர்ற ஐ5-1235யூவுக்கு 15 வாட். கொஞ்ச நேரம் அதுவும் வேகமா ஓடும். சூடு ஏறினதும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். வேர்டு, பிரௌசருக்கு வித்தியாசமே தெரியாது. அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் பண்ணும்போது நல்லாத் தெரியும். எண்ணுக்குக் கடைசியில இருக்கற எழுத்தைப் பாரு. யூன்னா கரண்ட் மிச்சம் பண்றது, ஹெச்னா பலம் அதிகம், சூடும் அதிகம்.

இன்னொண்ணு, கட்டில் மெத்தை மேல லேப்டாப்பை வெச்சு ஓட்டாதே. அடியில காத்துப் போற ஓட்டையை மெத்தை அடைச்சிடும்.

விஐடி ஹாஸ்டல், முதல் வருஷம்: எனக்கு?

பதில்: லேப்டாப். யோசிக்கவே வேணாம். 16 ஜிபி ரேம், கூட்டறதுக்கு ஒரு ஸ்லாட் இருக்கான்னு பாருங்க. மெத்தை மேல வைக்காதீங்க.

காட்பாடி காந்தி நகர், ரிட்டயர்டு ஆசிரியர்: வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. டெஸ்க்டாப் வாங்கினா தனியா யூபிஎஸ் வேணும்னு கடையில சொல்றாங்க. வீண் செலவுதானே?

பதில்: வீண் இல்லீங்க ஐயா. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைக்கு வர ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அந்த நேரம் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டர்ல இருக்கற சக்தியை வெச்சுத் தாங்கணும். முழு லோடுல அது தாங்கறது சுமார் 16 மில்லி விநாடி. இன்வெர்ட்டர் அதுக்குள்ள வந்துட்டா சரி, வரலன்னா டப்புனு ரீஸ்டார்ட். நீங்க டைப் பண்ணிட்டிருந்தது போச்சு.

ராணிப்பேட்டை சிப்காட், எலெக்ட்ரீசியன்: அண்ணே, இதை ஒத்துக்க மாட்டேன். இன்வெர்ட்டருக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு, யூபிஎஸ் மோடு, நார்மல் மோடுன்னு. யூபிஎஸ் மோடுல போட்டா மாறறதே தெரியாது. நான் வயரிங் பண்ண ஆபீஸ்ல 6 சிஸ்டம் அப்படித்தான் ஓடுது.

பதில்: சுவிட்ச் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஐயா, போய் முதல்ல அதைப் பாருங்க. பல வீட்டுல அது நார்மல்லயே கிடக்கும். ஆனா தம்பி, யூபிஎஸ் மோடுல போட்டா இன்வெர்ட்டர் ஏத்துக்கற வோல்டேஜ் வரம்பு குறுகிடும். மே மாசம் ராத்திரி தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் 180க்குக் கீழ இறங்கற இடங்கள் நம்ம பக்கம் இருக்கு. அப்ப மெயின் கரண்ட் இருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். பேட்டரி சீக்கிரம் கரையும். அது ஸ்கொயர் வேவ் (கரண்ட்டைக் கட்டம் கட்டமா தர்ற) இன்வெர்ட்டரா இருந்தா சில எஸ்எம்பிஎஸ் ஒத்துக்காது, அணைஞ்சு போகும். சைன் வேவா, அதாவது மெயின் கரண்ட் மாதிரியே சீரா தர்றதா இருக்கணும்.

அதே எலெக்ட்ரீசியன்: சைன் வேவ் சரி. ஆனா 600 விஏ யூபிஎஸ் வாங்கினவங்க யாராவது பேட்டரி மாத்தறாங்களா சொல்லுங்க? ரெண்டு மூணு வருஷத்துல உள்ள இருக்கற 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி செத்துடும். யூபிஎஸ் இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருப்பாங்க, கரண்ட் போனா ஒரு செகண்டு கூட நிக்காது. அதுக்கு இன்வெர்ட்டரே மேல்.

பதில்: இதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. நான் சொல்ல விட்டதை நீங்க சொல்லிட்டீங்க. யூபிஎஸ் வாங்கற எல்லாரும் பில்லு தேதியை அது மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேலையெல்லாம் சேவ் பண்ணிட்டு, மெயின் சுவிட்சை அணைச்சு நிக்குதான்னு பாருங்க. யூபிஎஸ் இருக்கறது சேவ் பண்ணி ஒழுங்கா அணைக்கத்தான், அதை வெச்சு ஒரு மணி நேரம் வேலை செய்ய இல்ல.

ஆக ஐயா: உங்களுது சைன் வேவ் இன்வெர்ட்டர், யூபிஎஸ் மோடு, வோல்டேஜ் ஒழுங்கா வருதுன்னா தனி யூபிஎஸ் இல்லாமலே ஓட்டிப் பாருங்க. மூணுல ஒண்ணு இல்லன்னாலும் யூபிஎஸ் வாங்குங்க. எலெக்ட்ரீசியன் தம்பிக்கு நன்றி.

ஒடுகத்தூர்: இவ்வளவு சண்டை எதுக்கு? லேப்டாப்புல பேட்டரி இருக்கே?

பதில்: அதேதான். ஒரே இடத்துல உட்கார்ந்து வேலை செய்றவங்களுக்கும் நான் லேப்டாப் சொல்ற ஒரே சூழ்நிலை உங்களுதுதான். மலையடிவாரத்துல காத்து மழைன்னா மணிக்கணக்கா கரண்ட் போகுது. லேப்டாப் வாங்கி, வெளி கீபோர்டு, மௌஸ், கொஞ்சம் உயரத் தூக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு போதும். மோடத்துக்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் கிடைக்குது, இல்லன்னா லேப்டாப் ஓடும், நெட் ஓடாது. இடி இடிச்சா சார்ஜரோட நெட் கேபிளையும் பிடுங்குங்க. கேபிள் வழியா இறங்கி போர்டு கருகினதை நிறையப் பார்த்துட்டேன்.

காட்பாடி, பிரௌசிங் சென்டர்: லேசர் பிரிண்டரையும் யூபிஎஸ்ல போடலாமா?

பதில்: கூடாது. உள்ள இருக்கற ஹீட்டர் சூடேறும்போது இழுக்கற கரண்ட்டுக்குச் சின்ன யூபிஎஸ் கத்தி அணைஞ்சிடும்.

ஆற்காடு, டிடிபி பண்றவங்க: நாள் பூரா தமிழ் டைப்பிங்.

பதில்: டெஸ்க்டாப், அழுத்தினா ஆழமா இறங்கற நல்ல கீபோர்டு. நீங்க இன்னும் பழைய ஃபான்ட் கீபோர்டுல அடிக்கறீங்கன்னா தமிழ்99ங்கற கீபோர்டு முறைக்கு மாறுங்க. 1999 சென்னை தமிழ் இணைய மாநாட்டுல வந்தது, இப்ப விண்டோஸ்லயே இருக்கு. ஒத்து எழுத்துக்குப் புள்ளி தானா விழும். ‘அம்மா’ அடிக்க ‘அ, ம, ம, ஆ’ போதும். ஒரு மாசம் கஷ்டப்பட்டா விரலுக்கு வருஷக்கணக்குல நிம்மதி. எனக்கு இதுல தனிப் பிரியம்.

கே.வி.குப்பம்: பொண்ணு பி.காம், தினம் பஸ், எது வாங்கலாம்?

பதில்: குடியாத்தம் அம்மாவுக்குச் சொன்னதேதான்.

வாணியம்பாடி: ஐ5 போதுமா?

பதில்: என்ன வேலைன்னு சொல்லுங்க, பதில் சொல்றேன்.

அணைக்கட்டு: ஐ5ஆ ஐ7ஆ?

பதில்: சத்துவாச்சாரி தம்பிக்குச் சொன்னதைப் படிங்க. அப்புறமும் சந்தேகம் இருந்தா கேளுங்க.

திருப்பத்தூர்: பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், 6-ம் தலைமுறை ஐ5, மலிவா வருது. வாங்கலாமா?

பதில்: வேணாம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பொதுவா 8-ம் தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்புச் சிப்பும் வேணும். லினக்ஸ் போட்டுக்கறதா இருந்தா தாராளமா வாங்குங்க, நல்லாவே ஓடும்.

வேலப்பாடி: லேப்டாப்பைச் சார்ஜ்ல போட்டுத் தொட்டா சுர்ருன்னு இருக்கு.

பதில்: எர்த் சரியில்ல. மூணு பின் பிளக்கை ரெண்டு பின்ல சொருகியிருந்தா முதல்ல அதை எடுங்க. அப்புறமும் இருந்தா எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்க. கோடையில நம்ம மண்ணு காய்ஞ்சு பாறையாகும், எர்த் குழியில தண்ணி ஊத்தணும். டெஸ்க்டாப் வெச்சிருக்கறவங்களுக்கும் இதேதான்.

கொசப்பேட்டை: அண்ணா, லேப்டாப் டச்பேடு ஒரு வாரமா மேல எழும்பி நிக்குது. அமுத்தினா கிளிக் ஆகல. எப்பவும் சார்ஜ்லயேதான் இருக்கும். டெஸ்க்டாப்புக்கு மாறிடலாமா?

பதில்: மாறறதை அப்புறம் பேசலாம்மா. அது பேட்டரி உப்பி அடியில இருந்து தள்ளுது. இப்பவே சார்ஜரைப் பிடுங்கி அணைச்சிடுங்க. அமுக்காதீங்க, குத்தாதீங்க, ஸ்க்ரூ கழட்டாதீங்க. மெத்தை, துணி, பேப்பர் பக்கத்துல வேணாம். சிமென்ட் தரையில காத்தோட்டமா வைங்க, குழந்தைங்க கிட்ட போகாம பாத்துக்கங்க. உள்ள இருக்கற ஃபைல் பத்தரமா இருக்கும், அதுக்காக மறுபடி ஆன் பண்ணாதீங்க.

கொசப்பேட்டைன்னா பக்கம்தான், நானே வந்து பாக்கறேன். மத்தவங்க கேள்விக்கு ராத்திரி 8 மணிக்கு மேல வர்றேன்.