கண்ணாடியில் வந்தது மேரி அல்ல

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். தோழி வீட்டில் இரவு தங்கப் போன இடத்தில், பிள்ளைகள் சேர்ந்து குளியலறை விளக்கை அணைத்து, மெழுகுதிரி ஏற்றி, கண்ணாடி முன்னால் நின்று ‘பிளடி மேரி’ என்று பதின்மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். வேறொரு பெண்ணின் முகம் தெரிந்ததாம். இப்போது தனியே குளியலறைக்குப் போக மாட்டேன் என்கிறாள். அது இங்கிலாந்து இராணியின் ஆவி என்று இணையத்தில் படித்திருக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் எங்களை ஒரு சாத்திரியாரிடம் கூட்டிப்போனார். பேயை விரட்டக் கழிப்புக் கழிக்க 1,100 டொலர் கேட்கிறார்; 200 கொடுத்துவிட்டோம். யார் இந்த மேரி? மிச்சத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மேரி யாரென்று பிறகு பார்ப்போம்.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. முகம் தெரிந்துதான் இருக்கும். இத்தாலியில் ஊர்பினோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜொவான்னி கபூட்டோ, 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி முன் பத்து நிமிடம் இருத்திப் பார்த்து, 2010இல் எழுதினார். யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தங்கள் முகமே கோணி உருமாறியது. ஏறக்குறையப் பாதிப்பேர் பயங்கரமான உருவங்களைக் கண்டார்கள். அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும் என்பதை ட்ரொக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804இலேயே எழுதிவைத்திருக்கிறார். மங்கிய இடத்தை மூளை தன் கைச்சரக்கைப் போட்டு நிரப்புகிறது. இதற்கு மேல் விளக்கினால் உங்களுக்குத் தலை சுற்றும்.

இனி மேரி. முதலாம் மேரி 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்ட இராணி. சுமார் 280 புரட்டஸ்தாந்தினரை உயிரோடு எரிப்பித்ததால் வந்த பட்டம்தான் ‘பிளடி’, அதாவது இரத்தம் தோய்ந்த மேரி. 1555இல் பிள்ளை பிறக்கப்போகிறது என்று அரண்மனையில் மாதக்கணக்காகக் காத்திருந்தார்; வயிற்றில் பிள்ளையே இருக்கவில்லை. ‘உன் பிள்ளை என்னிடம்தான்’ என்று கண்ணாடியைச் சீண்டும் வழக்கத்தை இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். நல்ல முடிச்சு, ஆனால் நிற்காது. ஜனெட் லங்லோயிஸ் என்ற நாட்டாரியல் ஆய்வாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், இண்டியானாபொலிஸ் நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் கூப்பிட்டது ‘மேரி வேல்ஸ்’ என்பவளை. இராணியல்ல, வீதியில் காரை மறித்து ஏறி, பிறகு காணாமல் போகிற பெண். வேறு ஊர்களில் சூனியக்காரி ‘மேரி வேர்த்’. ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது, கண்ணாடியும் இருட்டும் மாறுவதில்லை.

வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபேர்ட் பேர்ன்ஸ் 1786இல் அச்சான கவிதை ஒன்றின் குறிப்பில், ஹாலோவீன் இரவில் மெழுகுதிரியோடு தனியே கண்ணாடி முன் போய் அப்பிள் தின்றால், வரப்போகிற கணவனின் முகம் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் என்ற நம்பிக்கையைச் சொல்கிறார். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க ஹாலோவீன் தபாலட்டைகளிலும் அதே பெண், அதே கண்ணாடி. பிறகு மாப்பிள்ளை போனார், பேய் வந்தது. அலன் டண்டிஸ் என்ற அறிஞர் 1998இல், குளியலறையும் இரத்தமும் இந்த வயதுப் பெண்பிள்ளைகளும் சேர்வது சாமத்தியப்படும் பயத்தினால்தான் என்று வாதிட்டார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஆனாலும், அந்த விடயத்தை மகளோடு கதைத்துவிட்டீர்களா?

சரி, சாத்திரியார். ஊரில் ஏமாற்றுவதற்குப் பேய்க்காட்டுதல் என்றே பெயர், காரணமில்லாமல் வைக்கவில்லை. இவர்கள் தொழில் செய்கிற ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதல் நாள் ‘கண்ணூறு’, 50 டொலர். இரண்டாம் நாள் பிள்ளையை மங்கிய அறையில் இருத்தி, மந்திரித்த மையை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். கண்ணாடி செய்த வேலையை மையும் செய்யும், பிள்ளை எதையாவது காணும். அதன் பிறகு விலை ஏறும். உங்களைக் கூட்டிப்போன ‘தெரிந்தவருக்கு’ எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மாந்திரீகம் தெரிந்ததுபோல் நடித்து ஏமாற்றுவது கனடாவில் தனிக் குற்றமாக இருந்தது. 2018இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். பொது மோசடிச் சட்டம் போதுமாம். ரொக்கமாகக் கொடுத்து, பற்றுச்சீட்டும் இல்லாத தாய் எதை வைத்து நிரூபிப்பாள் என்று சட்டம் எழுதியவர்களைக் கேட்க வேண்டும்.

இன்றிரவு இதைச் செய்யுங்கள். மெழுகுதிரி வேண்டாம். குளியலறைக்கு வெளியே நடை விளக்கு மட்டும் எரியட்டும். மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி, நீங்களும் பக்கத்தில் நின்று ‘புட்டும் சம்பலும்’ என்று பதின்மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். அசையாமல் உற்றுப் பார்த்தால் முகம் அப்போதும் மாறலாம், உங்களுடையதும் மாறலாம். பிறகு பெரிய விளக்கைப் போடுங்கள். ‘பயப்படாதே’ என்று குளியலறையில் சின்ன இரவு விளக்கை எரியவிடாதீர்கள். அந்த வெளிச்சத்தில்தான் முகம் உருமாறும்.

ஒரு விதிவிலக்கு. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடியே இல்லாத இடத்தில் உருவம் தெரிகிறது, குரல் கேட்கிறது என்றால் இது விளையாட்டல்ல. இருட்டில் பயம் வேறு, பகலில் காண்பது வேறு. கனவு கண்டு எழும்பி அழுவது இதில் சேராது. குளியலறைக்குத் துணை கேட்பதும் சேராது. வகுப்பில் இருக்கும்போது, சாப்பிடும்போது, ஆட்கள் நடுவில் காண்பதுதான் சேரும். அப்படியானால் குடும்ப வைத்தியரிடம் நேரே போங்கள். பாடசாலை ஆலோசகருக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வரிசையில் மாதக்கணக்காக நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், முறை வரும்போது வகுப்பே ஏறிவிட்டிருக்கும்.

அப்புறம் அந்த 200 டொலர். தொலைபேசியில் ஒரு முறை கேளுங்கள், தரமாட்டார். அதை வாங்க நேரில் போகாதீர்கள். அப்படிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இன்னும் 300 கொடுத்து ஒரு செப்புத் தகட்டோடு வருவார்கள்.