மாடல் ரயில் புகை: மூச்சுக்கு ஜன்னலைத் திறங்கள், பாட்டிலுக்குப் பூட்டுப் போடுங்கள்

கேள்வி: வீட்டில் மாடல் நீராவி இன்ஜின் வைத்திருக்கிறேன். புகைபோக்கியில் சில சொட்டு புகை எண்ணெய் விட்டால் நிஜ இன்ஜின் மாதிரியே புகைவிட்டுக்கொண்டு ஓடும். மாலையில் நானும் ஏழு வயது மகனும் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். குளிருக்காக ஜன்னல்களைச் சாத்திவைத்திருப்போம். சில நாள் எனக்குத் தொண்டை கரகரக்கிறது, லேசாகத் தலை வலிக்கிறது. மகனுக்கு எப்போதாவது இளைப்பு வருவதுண்டு. இந்தப் புகை நுரையீரலைக் கெடுக்குமா? இணையத்தில் ‘இயற்கையானது, நச்சில்லாதது’ என்று பெரிய பாட்டிலில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்க்கு மாறலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அளவில், ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் நுரையீரல் இதனால் கெட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. தொண்டைக் கரகரப்பும் தலைவலியும் அறையில் புகை அதிகமாகிவிட்டது என்று உடம்பு சொல்வது. ஜன்னலைத் திறந்தால் பெரும்பாலும் போய்விடும். மகன் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பெரிய பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள்.

புகைபோக்கியிலிருந்து வருவது எதுவும் எரிந்து வரும் புகை அல்ல. உள்ளே இருக்கும் சின்ன ஹீட்டர் எண்ணெயை ஆவியாக்குகிறது. அந்த ஆவி வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து மிக நுண்ணிய துளிகளாகிறது. கண்ணுக்குத் தெரிவது அந்தத் துளிகள்தான். அதனால் விறகுப் புகையில் இருக்கும் கரியும் கார்பன் மோனாக்சைடும் இதில் அநேகமாக இல்லை. ஆனால் இவ்வளவு நுண்ணிய துளி மூக்கோடு நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். பெரும்பாலான புகை எண்ணெய்கள் பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த பாராஃபின் வகை. அலங்கார விளக்குகளில் ஊற்றுகிற பாராஃபினுக்கு நெருங்கிய சொந்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எவ்வளவு இழுக்கிறோம் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 1 மில்லி எண்ணெய் ஏறக்குறைய 800 மில்லிகிராம் எடை. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். ஜன்னல் சாத்திய அறையில் அந்த 1 மில்லியும் காற்றிலேயே மிதந்தால் ஒரு கன மீட்டருக்கு 27 மில்லிகிராம் வரும். தொழிற்சாலைகளில் கனிம எண்ணெய்த் துளிகளுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் உச்சவரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 5 மில்லிகிராம். நடைமுறையில் துளிகள் தரையிலும் சுவரிலும் படியும், கொஞ்சம் கதவிடுக்கில் வெளியேறும், நீங்கள் இருப்பதும் ஒரு மணி நேரம்தான். எனவே உங்கள் சராசரி அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கும். ஆனாலும் சாத்திய அறையில் மீண்டும் மீண்டும் சொட்டு விட்டுக்கொண்டே போனால், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓர் இயந்திரப் பட்டறையின் காற்றை விட மோசமான காற்றில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பத்து நிமிடம் புகையோடு ஓட்டினால், பிறகு கொஞ்ச நேரம் புகை சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எண்ணெய் தீர்ந்தபின் ஹீட்டரைச் சூடாக விடவே கூடாது. திரி கருகும் வாடை வந்தால் அப்போது வருவது வேறு புகை, நிஜமாகவே கெட்ட புகை.

இனி அந்த மலிவு பாட்டில். இதைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி இங்கேதான் வந்து நிற்கும்.

‘நச்சில்லாதது’ என்ற சொல் எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறது என்று விற்பவரைக் கேளுங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். வைட்டமின் ஈ அசிடேட் தோல் களிம்புகளில் இருக்கிறது, சத்து மாத்திரையாக விழுங்குகிறார்கள். அதையே கஞ்சாவின் போதைச் சாறு கலந்த மின் சிகரெட் திரவத்தில் கலப்படமாகச் சேர்த்தபோது, 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பு அலையாகக் கிளம்பியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். உங்கள் ரயில் எண்ணெயில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இடையில் நின்ற வியாபாரி எதையோ ஊற்றிக் கலந்தார், வாங்கியவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அங்கே நடந்தது. பெரிய பீப்பாயில் வாங்கிச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, தானே அச்சடித்த லேபிளை ஒட்டி விற்பவரிடமும் அதே ஆபத்து இருக்கிறது. அவர் போன மாதம் வாங்கிய பீப்பாயும் இந்த மாதம் வாங்கியதும் ஒன்றா என்று அவருக்கே தெரியாது.

வாசனை சேர்த்த எண்ணெய் அதைவிட மோசம். வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டைல் என்ற பொருள் சாப்பிட அனுமதிக்கப்பட்டதுதான். 2000-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலையை ஆராய்ந்தபோது, அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டிருந்தன. திரும்பச் சரிசெய்ய முடியாத பாதிப்பு அது. மரப்புகை வாசனை, காபி வாசனை என்று எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டு வைத்தியம் போல மண்ணெண்ணெய், குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய், சமையல் எண்ணெய், மேடைப் புகைத் திரவம் என்று எதையும் ஊற்றிப் பார்க்காதீர்கள். கிளிசரின் கலந்தவை அதிகச் சூட்டில் அக்ரோலின் என்னும் கண்ணைக் கரிக்கும் வாயுவைத் தரும்.

இன்ஜினைத் தயாரித்த நிறுவனம் எந்த எண்ணெயைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள், மூடி உடையாத பாட்டிலில். உள்ளே என்ன என்று தெரிய வேண்டுமானால் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அந்தத் தாள் தொழில்முறையில் பயன்படுத்துவோருக்குத்தான் உரிமை. பொதுமக்களுக்கு விற்கும்போது லேபிளில் போதிய தகவல் இருந்தால் தாளைத் தர வேண்டிய கட்டாயமில்லை. பட்டறையில் முகமூடியோடு வேலை பார்ப்பவருக்கு முழு விவரம், ஏழு வயதுப் பிள்ளையோடு சாத்திய அறையில் உட்காருபவருக்கு மூன்று வரி லேபிள். இதை எழுதியவர்கள் மாடல் ரயில் ஓடும் ஒரு வீட்டையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது மகன். மேலே நான் சொன்ன ‘பயப்பட வேண்டாம்’ அவனுக்குப் பொருந்தாது. இளைப்பு உள்ளவரின் மூச்சுக்குழல் சாதாரணமாகவே எளிதில் சுருங்கும். 5 மில்லிகிராம் என்கிற அந்த வரம்பு வேலைக்குப் போகும் வளர்ந்தவர்களுக்கு எழுதியது. அதற்கு வெகுவாகக் கீழேயும் அவனுக்கு இளைப்பு கிளம்பலாம். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. தண்டவாளம் தரையில் இருந்தால் அவன் முகம் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேடைப் புகைக்கு நடுவே வேலை செய்பவர்களை வைத்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. கனிம எண்ணெய், கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம் என இரண்டு வகைப் புகையும் அதில் இருந்தன. புகை இயந்திரத்துக்கு அருகில் வேலை பார்த்தவர்களின் நுரையீரல் திறன் குறைந்திருந்தது. அவர்கள் வளர்ந்தவர்கள். அதனால் இரண்டு வாரம் புகையே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அவனுடைய இருமல், இரவு இளைப்பு எல்லாம் குறைகிறதா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். குறைந்தால் முடிவு தெரிந்துவிட்டது, அவன் இருக்கும் அறையில் புகை கிடையாது. குறையாவிட்டாலும் ஜன்னலைத் திறந்து, அவனைத் தள்ளி உட்காரவைத்து, சில நிமிடம் மட்டும் புகையைக் காட்டுங்கள். வாசனை எண்ணெய் எந்த நிலையிலும் இல்லை. இளைப்பு தொடங்கினால் வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரைக் கொடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸ்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூச்சில் போகும் புகையை விட பாட்டிலில் இருக்கும் எண்ணெய்தான் உங்கள் வீட்டில் பெரிய ஆபத்து. தண்ணீர் போல மெல்லியதாக ஓடும் இந்த எண்ணெயைக் குழந்தை ஒரு மடக்கு குடித்தால், அது தொண்டையில் வழிமாறி நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். விளக்குப் பாராஃபினால் குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டதால்தான் ஐரோப்பாவில் அந்த எண்ணெய்க்கு நிறமும் மணமும் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. கறுப்பு நிற, உள்ளே தெரியாத பாட்டிலில், அதிகபட்சம் 1 லிட்டர்தான் விற்க வேண்டும் என்றும், ஒரு மடக்கே உயிருக்கு ஆபத்தான நுரையீரல் பாதிப்பை உண்டாக்கலாம் என்று எழுத வேண்டும் என்றும் விதி வந்தது. அந்த விதி விளக்கை மனதில் வைத்து எழுதியது. ரயில் புகை எண்ணெயைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. எண்ணெயின் குணம் மாறவில்லை, பாட்டிலில் ஒட்டிய படம்தான் மாறியிருக்கிறது.

பாட்டிலைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ பானப் பாட்டிலிலோ மாற்றி ஊற்றாதீர்கள். சொட்டு விடும் குழாயையும் எண்ணெயோடு மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். குடித்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது இன்னொரு முறை நுரையீரலுக்குள் போகும். உடனே நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப்போங்கள். இருமத் தொடங்கிவிட்டான் என்றால் ஏற்கெனவே உள்ளே போயிருக்கலாம். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

உங்கள் தலைவலி ஜன்னலைத் திறந்த பிறகும் தொடர்ந்தால், அல்லது இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய்ப் புகை அடிக்கடி சுவாசிக்கிறேன் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். நுரையீரலில் எண்ணெய் தங்கி வரும் அழற்சி அபூர்வம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் சாதாரண நிமோனியா போலவே தெரியும் என்பதால், சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யாரும் தேட மாட்டார்கள். மலிவு பாட்டிலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, பெயிண்ட், தின்னர் போன்றவற்றை வாங்கிக்கொள்ளும் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.