குவாதலூப் தீவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? கேள்வி பதில்

கேள்வி: கரீபியன் கடலிலுள்ள இந்தத் தீவுக்குக் குவாதலூப் என்று பெயர் வைத்தது யார்?

பதில்: கொலம்பஸ். தன் இரண்டாவது பயணத்தில், 1493 நவம்பர் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். ஸ்பெயினில் எஸ்த்ரெமதுரா பகுதியிலுள்ள குவாதலூப்பே மாதா மடத்தின் பெயரைத்தான் தீவுக்கு வைத்தார்.

கேள்வி: அத்தனை மடங்கள் இருக்க, அந்த மடம் ஏன்?

பதில்: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் பயணம் முடிந்து திரும்பும்போது, 1493 பிப்ரவரி 14 அன்று, 'நீன்யா' கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே பெரும் புயலில் மாட்டியது. பிழைத்தால் ஒருவர் குவாதலூப்பே மாதாவிடம் ஐந்து பவுண்டு மெழுகுவர்த்தியோடு யாத்திரை போவதாக நேர்ந்துகொண்டார்கள். போவது யார்? கப்பலில் இருந்த ஆட்களின் எண்ணிக்கைக்குக் கொண்டைக்கடலை எடுத்து, அதில் ஒன்றில் மட்டும் கத்தியால் சிலுவை கீறி, ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். முதலில் தொப்பிக்குள் கையை விட்டவர் கொலம்பஸ். சிலுவைக் கடலை அவர் கைக்கே வந்தது. அந்த மடத்துத் துறவிகளுக்குக் கொடுத்த வாக்கின்படி பெயர் வைத்தார் என்று அவர் மகன் ஃபெர்னாந்தோ எழுதியிருக்கிறார்.

கேள்வி: மெக்சிகோவின் குவாதலூப்பே மாதா இல்லையா?

பதில்: இல்லை. அந்த மாதாவின் காட்சி 1531-இல் நடந்ததாகச் சொல்வார்கள். தீவின் பெயர் அதற்கு முந்தையது.

கேள்வி: அதற்கு முன் பெயரே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? அங்கே வாழ்ந்த கலினாகோ மக்கள் கருக்கேரா என்றார்கள். 'அழகிய நீர்களின் தீவு' என்று பொருள் சொல்வது வழக்கம். ஆள் வாழ்ந்த ஊருக்குப் புதுப் பெயர் வைத்ததை 'கண்டுபிடிப்பு' என்று இன்னும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: குவாதலூப்பின் மேற்குப் பாதிக்குப் பெயர் பாஸ்-தேர். அப்படியென்றால் 'தாழ்ந்த நிலம்' அல்லவா? 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை அங்கேதானே இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. அது உயரத்தைச் சொல்லும் பெயர் இல்லை, மாலுமிகளின் பேச்சு. காற்று மறைவாக இருக்கும் பக்கம் 'பாஸ்-தேர்'. கிழக்கே காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் 'கபெஸ்தேர்'. அந்தப் பெயரில் கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

கேள்வி: அங்கே தமிழர்கள் உண்டாமே?

பதில்: உண்டு. 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்து இறங்கினார்கள். பிறகு வந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். சாங்கி என்ற இந்துக் கோயில் இருப்பது அதே கபெஸ்தேரில்தான்; கொலம்பஸ் நினைவுச் சின்னமும் அந்த ஊரில்தான், சாந்த்-மரீ பகுதியில் இருக்கிறது.