சுயாதீனமும் பறக்கும் கன்னியாஸ்திரியும்

கேள்வி: நியூசிலாந்தில் டனீடன் என்ற சின்ன ஊரிலிருந்து ஏகப்பட்ட சுயாதீன ராக் இசைக்குழுக்கள் வந்ததாகச் சென்ற இதழில் ஒற்றை வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். இப்படி ஒரே ஊரின் புதிய குழுக்களைக் கண்டுபிடிக்க என்ன வழி? எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு ‘சுயாதீன’ என்று எழுத உங்களுக்குத்தான் எவ்வளவு துணிச்சல்! காலாற நடந்தால் தருமபுரம் ஆதீனம், பஸ் ஏறினால் திருவாவடுதுறை ஆதீனம். நடுவில் நின்றுகொண்டு நீங்கள் சுயாதீன ராக் என்கிறீர்கள். எனக்கோ, கிதார் வாங்கிய ஒவ்வொரு பையனும் சொந்தமாக ஒரு மடம் கட்டி, தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, சன்னிதானமாக அமர்ந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆசி வழங்குவது போல ஒரு காட்சிதான் மனதில் ஓடுகிறது.

இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. பெரிய கம்பெனிகளைச் சாராத இசையை ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்கிறபடி நான் ‘இண்டி’ என்று எழுதிக் கொடுப்பேன், எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ‘சுயாதீன’ என்று மாற்றுவார், நான் திரும்ப மாற்றுவேன், அவரும் விடமாட்டார். இந்த இழுபறியில் ‘சுயாதீண்டி’ என்று அச்சாகி வந்த இதழ் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் புதிய இசை வகை என்று நினைத்து, எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக் கார்டு போட்ட திருப்பூர் நண்பரையும் நான் மறக்கவில்லை.

சரி, அகராதியைப் புரட்டினால் ஆதீனத்துக்கு வசம், உரிமை என்றெல்லாம் பொருள் சொல்லிவிட்டு, சைவ மடம் என்றும் போட்டிருக்கும். ஆக, சுயாதீனம் என்றால் தன் வசம் தான் இருப்பது. ‘சித்த சுவாதீனம்’ என்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டனீடனில் நான் கேட்டவரையில் ஒருவர்கூடத் தன் வசம் இல்லை. எல்லோரும் எல்லோர் வசமும் இருந்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதிலே அதுதான், கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

டனீடன் தெற்குத் தீவின் அடியில், குளிர் அடிக்கும் கடற்கரையில் இருக்கிறது. மாவோரி மக்கள் அதை ஓட்டேபோட்டி என்பார்கள். 1848இல் வந்து இறங்கிய ஸ்காட்லாந்துக்காரர்கள் எடின்பரோவின் கேலிக் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். (அவர்கள் பாட்டன் பூட்டன் ஊரை மறக்காதவர்கள், நம் ஆட்கள் சென்னைக்கு வந்த மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். இது வேறு கதை.) ஜனத்தொகை ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி. பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் இருந்த ஆக்லாந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கடல் வேறு. ஒடாகோ பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் கூட்டம், மலிவு வாடகை, குளிர் தாங்காத வீடுகள். வெளியே போக முடியாத குளிரில் நாலு பேர் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தால் ஒன்று சீட்டாடுவார்கள், இல்லையென்றால் கிதார் வாசிப்பார்கள்.

1978இல் ஹேமிஷ் கில்கோர், டேவிட் கில்கோர் என்ற அண்ணன் தம்பி சேர்ந்து ‘தி கிளீன்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அப்புறம் தி சில்ஸ், தி வெர்லைன்ஸ், தி ஸ்டோன்ஸ். நம் கோயில்களுக்கு ‘அருள்மிகு’ போல அவர்களுக்கு ‘தி’. 1981இல் கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு ரெக்கார்டு கடையை நிர்வகித்துக்கொண்டிருந்த ரோஜர் ஷெப்பர்ட், இவர்களையெல்லாம் வெளியிட ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் என்ன தெரியுமா? ஃப்ளையிங் நன். பறக்கும் கன்னியாஸ்திரி! மடம் மடம் என்று நான் கத்திக்கொண்டிருந்தது வீண் போகவில்லை.

அந்தக் கன்னியாஸ்திரி முதன்முதலில் உயரப் பறந்தது கிளீனின் ‘டாலி ஹோ’ பாட்டில். ஐம்பது அறுபது டாலர் செலவில் பதிவு செய்தது, நியூசிலாந்துப் பட்டியலில் 19ஆம் இடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பாட்டில் காதில் ஒட்டிக்கொள்கிற ஆர்கனை வாசித்தவர் யார்? சில்ஸ் குழுவின் மார்ட்டின் ஃபிலிப்ஸ். கிளீனின் அடுத்த வெளியீட்டைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் கிறிஸ் நாக்ஸ். அவர் அதற்கு முன் தி எனிமி, டாய் லவ் என்ற குழுக்களில் கத்திக்கொண்டிருந்தவர். சிட்னிக்குப் போய் முறையான ஸ்டுடியோவில் ஒரு ஆல்பம் போட்டு, அது வந்த விதம் பிடிக்காமல் மனம் வெறுத்துத் திரும்பி, நாலு டிராக் டேப் ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1982இல் சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ், வெர்லைன்ஸ் நாலு குழுக்களும் ஆளுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு இசைத்தட்டுகளில் வந்தார்களே, ‘டனீடன் டபுள்’, அதுவும் நாலு டிராக்கில் பதிவானதுதான். பாகப்பிரிவினை இவ்வளவு சுமுகமாக நடந்து நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இப்போது என் பழைய புலம்பலுக்கு வருகிறேன், திருப்பூர் நண்பர் எண்ணிக்கொள்ளலாம், இது பதினேழாவது தடவை. நம்மூர் சினிமா கேசட் அட்டையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும், தயாரிப்பாளரின் தாயார் படம்கூட இருக்கும், வயலின் வாசித்தவர் பெயர் இருக்காது. பாஸ் கிதார் வாசித்தவர் யாரென்று தெரியாமலே ஒரு தலைமுறை அந்த பாஸைக் கேட்டு வளர்ந்தது. டனீடன் இசைத்தட்டு உறைகளில் வாசித்த ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைப் பின்தொடருங்கள், குழுவின் பெயரை விட்டுவிடுங்கள். குழு உடைந்துபோகும், ஆள் அடுத்த குழுவில் இருப்பார். பீட்டர் கட்டரிட்ஜ் கிளீனில் இருந்தார், சில்ஸில் இருந்தார், பிறகு ஸ்னாப்பர் என்று சொந்தக் குழு. கிளீனில் பாஸ் வாசித்த ராபர்ட் ஸ்காட்டைப் பின்தொடர்ந்தால் தி பேட்ஸ் வரும், அங்கே பாஸ் வாசிக்கும் பால் கீனைப் பிடித்தால் மறுபடியும் டாய் லவ்வில் கொண்டுபோய் விடுவார். சொந்தக்காரர் கல்யாணத்தில், ‘நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டுக்கொண்டே போவோமே, அதே வேலைதான்.

முக்கியமாக டிரம்மரைப் பிடியுங்கள். பாடகர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், டிரம்மருக்கு எந்த ஊரிலும் பஞ்சம், அதனால் ஒரே ஆள் மூன்று குழுக்களில் இருப்பார். ஐந்து பெண்கள் சேர்ந்த லுக் புளூ கோ பர்ப்பிள் என்ற குழுவை அவசியம் கேளுங்கள், டனீடனில் பலரும் சொல்லாமல் விடும் பெயர். அதன் டிரம்மர் லெஸ்லி பாரிஸ் பிற்பாடு ஃப்ளையிங் நன்னையே நிர்வகித்தார். கன்னியாஸ்திரி மடத்துக்கு ஒருவழியாகப் பெண் தலைமை!

‘புதிய’ குழுக்கள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஊர்ப் பக்கமாகவே போய்க் கேளுங்கள். ரேடியோ ஒன் என்று மாணவர் வானொலி 1984 முதல் டனீடனில் ஓடுகிறது, இணையத்திலும் கிடைக்கும். அங்கே மாணவர்கள் தங்கள் பக்கத்து வீட்டுக் குழுவைத்தான் முதலில் போடுவார்கள். குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், ஐந்தில் மூன்று தேறாது, பரவாயில்லை. ராட்ரே தெருவில் கிரவுன் ஹோட்டல் என்று ஒரு மதுக்கடை உண்டு, அங்கே யார் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. செல்போனில் பாட்டுக் கேட்கும் ஆப்பு உங்களுக்குச் சிபாரிசு செய்வதை நம்பாதீர்கள், நேற்றுக் கேட்டதையே இன்றைக்கு வேறு சட்டை போட்டு அனுப்பும். அண்மைக் காலத்தவரில் மைல்ட் ஆரஞ்ச், மார்லின்ஸ் ட்ரீமிங் இரண்டையும் நான் கேட்டேன். இதமாக இருக்கின்றன, எனக்கு இன்னும் கொஞ்சம் கரடுமுரடு வேண்டும்.

அந்த ஊரிலிருந்து வந்து மிகப் பெரிதாக வளர்ந்த குழு சிக்ஸ் சிக்ஸ்டி. இண்டியும் இல்லை, சுயாதீனமும் இல்லை, சுயாதீண்டிகூட இல்லை. ஆனால் பெயர் வந்த விதம் எனக்குப் பிடிக்கும். அவர்கள் மாணவர்களாகத் தங்கியிருந்த வீடு, கேசில் தெரு, கதவு எண் 660. இதைச் சென்னையில் செய்ய முடியுமா? ‘புது எண் 12, பழைய எண் 47’ என்று குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் பழைய எண்ணைத் தேடி வந்த ரசிகர்கள் வேறு கச்சேரிக்குப் போய்விடுவார்கள். மாநகராட்சிக்கு இதைப் பற்றி நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

எதில் தொடங்கலாம் என்று கேட்டீர்கள் அல்லவா, மறக்கவில்லை. சில்ஸின் ‘பிங்க் ஃப்ராஸ்ட்’டில் தொடங்குங்கள். சில்ஸில் மார்ட்டின் ஃபிலிப்ஸ் ஒருவர்தான் கடைசிவரை நின்றவர், மற்றவர்கள் வந்தவண்ணமும் போனவண்ணமும் இருந்தார்கள், 2024இல் அவரும் போய்விட்டார். இந்தப் பாட்டில் டிரம் வாசித்தவர் இன்னொரு மார்ட்டின், மார்ட்டின் புல். 1982இல் பதிவு செய்தார்கள். 1983இல் ரத்தப் புற்றுநோயில் புல் இறந்துபோனார். 1984இல்தான் பாட்டு வெளிவந்தது. போகும் முன் தன் தோல் ஜாக்கெட்டை ஃபிலிப்ஸுக்கு விட்டுவிட்டுப் போனார். ஃபிலிப்ஸ் அந்த ஜாக்கெட்டைப் பற்றி 1986இல் ‘ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார், அதைக் கேட்டால் துக்கப் பாட்டு என்றே தோன்றாது, துள்ளிக்கொண்டு போகும். முதலில் ‘பிங்க் ஃப்ராஸ்ட்’, அடுத்து ஜாக்கெட் பாட்டு. இரண்டையும் ராத்திரியில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், டிரம் மெதுவாகத்தான் ஒலிக்கும்.