வாசகர் கேள்வி பதில்: குட்டி ட்ரெய்லரும் குறுகலான இடமும்

கேள்வி: மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லரை ஜவ்வரிசி மில் கேட்டுக்குள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துவிடுவேன். ஆனால் ஜீப்பில் மாட்டும் பத்தடி கேரவன் ட்ரெய்லர் கண் இமைப்பதற்குள் மடங்கிக்கொள்கிறது. சின்ன வண்டி சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?
– ஆத்தூர் வாசகர்

பதில்: சின்னதாக இருப்பதுதான் சிக்கலே. கொக்கிக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் உள்ள தூரம் குறையக் குறைய, அது திரும்பும் வேகம் கூடும். டிராக்டரில் ட்ரெய்லரை மாட்டும் இடம் பின்சக்கர அச்சுக்கு வெகு அருகில் இருக்கும். ஜீப்பிலோ ட்ரெய்லரை மாட்டும் கொக்கி உருண்டை பின்சக்கர அச்சைவிட்டு நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலும் உருண்டை பக்கவாட்டில் அதிகமாக வீசும்.

இன்னொன்று பார்வை. டிராக்டரில் உயரத்தில் உட்கார்ந்து திரும்பினால் மாட்டிய இடமும் தெரியும், ட்ரெய்லரும் தெரியும். ஜீப்பை விட அகலம் குறைந்த ட்ரெய்லர் நேராக இருக்கும்வரை கண்ணாடியில் தெரியவே தெரியாது. அது தெரிய ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே பாதி மடங்கியிருக்கும். ட்ரெய்லரின் பின்மூலைகள் இரண்டிலும் நாலடி பிவிசி பைப்பை நிமிர்த்திக் கட்டி, உச்சியில் சிவப்புத் துணி சுற்றுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீரும்.

கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, ட்ரெய்லரின் வாலும் அந்தப் பக்கம் போகும். கால் சுற்றுக்கு மேல் ஒடிக்க வேண்டாம். நேராகப் பின்னால் போகும்போது வலக் கண்ணாடியில் ட்ரெய்லர் பெரிதாகத் தெரிந்தால் ஸ்டியரிங்கை வலப்பக்கமே திருப்புங்கள் (அடியில் இருக்கும் கை இடப்பக்கம் போகும்), நேராகிவிடும். ஓர் அளவுக்கு மேல் மடங்கிவிட்டால் முழுக்க ஒடித்தாலும் பின்னால் போய் நேராக்க முடியாது. வீம்பு பிடிக்காமல் நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு அடி நேராக முன்னால் போய்விட்டு மறுபடி வாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்குள் கேரவன் நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறோம். பாதை பத்தடி. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒன்பதடி இடைவெளி. ட்ரெய்லர் ஆறடி அகலம். வருபவர்கள் எல்லோரும் மரத்தில் உரசுகிறார்கள்.
– நாகலூர் வாசகர்

பதில்: ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். முதலில் எந்தத் திசையிலிருந்து வருவது என்பதை முடிவு செய்யுங்கள். நிறுத்தும் இடம் ஓட்டுநரின் வலப்பக்கம் வருகிற மாதிரி வரச் சொல்லுங்கள். அப்போது தலையை வெளியே நீட்டி ட்ரெய்லரின் சக்கரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடப்பக்கம் நுழைப்பது ஏறக்குறையக் குருட்டு ரிவர்ஸ்தான்.

இடைவெளியைக் கடக்கும்போது பாதையின் வலது ஓரமாகவே வரட்டும். ஜீப்பின் பின்பக்கம் திறப்பைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் திருப்பி நேராக்கி நிறுத்த வேண்டும். இதனால் ட்ரெய்லரின் வால் ஏற்கெனவே திறப்பைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பிறகு ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும் கையை வலப்பக்கம் நகர்த்தி, மெல்லப் பின்னால். குறி வைக்க வேண்டியது உள்பக்க மரத்தை, அதாவது பின்னால் வரும்போது முதலில் எதிர்ப்படும் மரத்தை. ட்ரெய்லரின் வலச் சக்கரம் அதிலிருந்து ஓர் அடி தள்ளிப் போனால் மறுபக்கம் தானாக இடம் இருக்கும். ட்ரெய்லர் பாதி நுழைந்ததும் கையை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் ஜீப் அதன் பின்னாலேயே வளைந்து வரும்.

பலரும் மறப்பது ஜீப்பின் மூக்கை. எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க, முன் இடச்சக்கரம் எதிர்ப்பக்கச் சாக்கடையில் இறங்கும். பத்தடிப் பாதையில் ஜீப்பை முழுக்க நேராக்க இடமே கிடையாது. நேராக்கவும் வேண்டாம். ட்ரெய்லரின் சக்கரங்கள் மரங்களைத் தாண்டி உள்ளே போனதும், ஜீப் கோணலாக இருக்கும்போதே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் கழற்றிவிட்டு, மீதியைக் கையால் தள்ளலாம். உங்கள் செலவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எதிர்ப்பக்கக் காபிச் செடி வரிசையில் இரண்டு மூன்று செடிகளை எடுத்துவிட்டு, அங்கே சாக்கடைக்குச் சிமெண்ட் பலகை மூடி போடுங்கள்.

சைகை காட்ட ஒரே ஆள் போதும். நாலு பேர் "வா வா" என்றால் யார் சொல்வதையும் கேட்க முடியாது. அவர் கண்ணாடியில் தெரியாத கணமே ஓட்டுநர் நிறுத்த வேண்டும். மேலே தாழ்ந்த கிளையையும் மின்கம்பியையும் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

கேள்வி: கையால் தள்ள எத்தனை பேர் வேண்டும்?
– சேலம், அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: 600 கிலோ ட்ரெய்லரைச் சமதளக் கெட்டித் தரையில் மூன்று பேர் தள்ளலாம். பத்தடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் அதைப் பிடித்து நிறுத்தவே 60 கிலோ விசை வேண்டும். அங்கே கை வைக்காதீர்கள். மழை நனைத்த செம்மண்ணில் அதைவிட மோசம், கால் வழுக்கும்.

கேள்வி: மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் ட்ரெய்லர் நகர மறுக்கிறது. நிறுத்திய பிறகும் சாய்ந்தே நிற்கிறது.
– மஞ்சக்குட்டை வாசகர்

பதில்: உங்கள் ட்ரெய்லரில் இருப்பது கொக்கித் தண்டு உள்ளே அமுங்கினால் தானாகப் பிடிக்கும் பிரேக்காக இருக்கலாம். பின்னால் தள்ளும்போதும் தண்டு அமுங்கும், பிரேக் பிடிக்கும். பழைய வகையில் தண்டருகே ஒரு தடுப்பு லீவர் இருக்கும், அதைப் போட்டுவிட்டு ரிவர்ஸ் எடுங்கள். புதிய வகையில் பிரேக் டிரம்மே ரிவர்ஸில் பிடியை விட்டுக்கொடுக்கும். ஆனால் அதே காரணத்தால் ஹேண்ட்பிரேக் போட்டாலும் சற்றுப் பின்னால் உருண்டுதான் பிடிக்கும். கட்டை கொடுக்காமல் கழற்றவே கூடாது.

சாய்வைச் சரிசெய்ய வரிசை முக்கியம். ஜீப் மாட்டியிருக்கும்போதே உள்ளே தரையில் ரசமட்டம் வைத்து இடவலச் சாய்வைப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குப் பலகை வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். சக்கரங்களுக்கிடையே 150 செ.மீ. இருந்தால், 2 டிகிரி சாய்வுக்கு 5 செ.மீ. பலகை சரி. பிறகு இரண்டு சக்கரத்துக்கும் கட்டை, ட்ரெய்லரின் முன் சின்னச் சக்கரத்தை இறக்கி, ஜீப்பிலிருந்து ட்ரெய்லரைக் கழற்றுவது. முன்பின் மட்டம் அந்தச் சக்கரத்தைத் திருகியே கிடைக்கும். நான்கு மூலைக் கால்கள் கடைசியில். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், ஜாக்கி அல்ல. அவற்றால் வண்டியைத் தூக்கினால் வளைந்துவிடும். கால்களை இறக்கும்வரை யாரும் உள்ளே பின்பக்கம் போய் உட்கார வேண்டாம், மூக்கு தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ட்ரெய்லரை இழுத்து வர முடியுமா?
– சேலம், ஐந்துரோடு வாசகர்

பதில்: முடியும். ட்ரெய்லரின் சக்கரம் எப்போதும் ஜீப்பின் தடத்துக்கு உள்பக்கமாகத்தான் வெட்டும். ஏறும்போது இடப்பக்க வளைவுகள்தான் ஆபத்து, இடச்சக்கரம் உள்வளைவுச் சாக்கடைக்குப் போகும். ஹாரன் அடித்து, எதிரே காலியென்று தெரிந்த பிறகே அகலமாக எடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையிலேயே லைனிங் கருகும் வாடை வரும். வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி ஆற விடுங்கள், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.