டெங்கு பற்றி ஊருக்கு எவ்வளவு தெரியும்? அளப்பது எப்படி: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் டெங்கு விழிப்புணர்வைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் கேட்டவை இவை. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

நர்சிங் மாணவி, ராமநாதபுரம்: அக்கா, டெங்கு எதனால் வருகிறது என்று கேட்டால் எல்லாரும் கொசு என்கிறார்கள். அப்போ விழிப்புணர்வு நல்லாத்தானே இருக்கு?

இல்லம்மா. அது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில். அந்தக் கொசு எப்போது கடிக்கும் என்று கேள். பகலில் என்று சொல்பவர் குறைவாகத்தான் இருப்பார். எந்தத் தண்ணீரில் வளரும் என்று கேள். பலர் சாக்கடையைக் காட்டுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில். அப்புறம், "டிரம் காலியானதும் என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. நீயே எடுத்துக்கொடுக்காதே. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். "தேய்ப்போம்" என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் முழு மதிப்பெண்.

மகளிர் குழுத் தலைவி, மண்டபம்: சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கிறதே?

அதனால்தான் பேச்சோடு நிறுத்தாமல் தொட்டியையும் பாருங்கள் என்கிறேன். மூடியைத் திறந்ததும் கொசுப்புழு சட்டென்று அடியில் போய்விடும். உடனே "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். டார்ச் அடித்து ஓரிரு நிமிடம் பொறுங்கள். மூச்சு விட மேலே வந்தே தீரும். நூறு வீடு பார்த்ததில் 12 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் விடாதீர்கள்.

ஆசிரியர், தங்கச்சிமடம்: எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று வைத்தால், அதாவது நமக்குக் கிடைக்கும் விடை ஊரின் உண்மை நிலையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகாது என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால், சுமார் 385 பேர். தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் அதை இரண்டு மடங்காக்குவது வழக்கம்.

மீனவர், தொண்டி: பகலில் வந்து கேட்கிறார்கள். நாங்கள் கடலில் இருக்கிறோமே?

சரியான கேள்வி அண்ணே. பகலில் மட்டும் போனால் பெண்கள் பதிலைத்தான் ஊர் பதிலாக எழுதுவார்கள். விசைப்படகுக்காரர்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் பிடிக்கலாம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அவர்களைக் கரை திரும்பும் நேரத்தில் பார்க்க வேண்டும். கரையேற்றிய வள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர், கீழக்கரை: மதிப்பெண் குறைந்தால், மக்கள் அலட்சியம் என்று எழுதலாமா?

எழுதாதீங்க தம்பி. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். காவிரித் தண்ணீரைக் காத்திருந்து பிடித்து வைக்கும் வீட்டில், கழுவுவதற்காகக் கொட்டு என்றால் எப்படி மனசு வரும்? தெரியாதவர், தெரிந்தும் வழியில்லாதவர் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். முதல் பட்டியலுக்கு விளக்கம் வேண்டும். இரண்டாவதற்கு மூடியும் குழாய்த் தண்ணீரும் வேண்டும்.

இளம் தாய், பாம்பன்: காய்ச்சல் வந்த பிறகு செய்ய வேண்டியதையும் கேட்கலாமா அக்கா?

கட்டாயம் கேட்கணும்மா. எந்த மாத்திரை என்று கேளுங்கள்: பாராசிட்டமால் சரி, ஆஸ்பிரின், புருஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும். அடுத்து, "காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டதா?" என்று கேளுங்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் வரும். இதற்கு "ஆமா" என்று சொல்கிற வீடுகளுக்கு அன்றைக்கே, அங்கேயே உட்கார்ந்து விளக்கிவிட்டு வாருங்கள்.