முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு மாடு ஏன் கத்துகிறது?

கேள்வி: அயர்லாந்தில் ரோஸ்காமன் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மாமனாருக்கு 30 ஏக்கர் புல் நிலம், நான்கு பெரிய வயல்களாக இருக்கிறது. இறைச்சிக்காக வளர்க்கும் காயடித்த காளைகள் 22. ஒவ்வொன்றும் சுமார் 400 கிலோ. மாமாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆனதால் இந்த வருடம் நானும் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஜூலை ஆகிவிட்டது. வயலெல்லாம் முழங்காலுக்கு மேல் புல். ஆனால் மாடுகள் தின்னாமல் கேட் பக்கத்தில் நின்று கத்துகின்றன. போன வருடம் இப்படியே இருந்து, ஆகஸ்டில் புல் இல்லாமல் தீவன மூட்டை வாங்க வேண்டியதாயிற்று. ஒரு வயலில் மஞ்சள் பூச்செடி நிறைய நிற்கிறது, மாடு அதைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அறுத்து, குளிர்காலத் தீவனத்துக்காகப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் புளிக்கவைக்கும் சைலேஜ் உருண்டையாகக் கட்டிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் அதிகம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த மஞ்சள் பூ வயலை இப்போது அறுக்காதீர்கள்.

இடுப்பளவு உயரம், கிழித்துப் போட்டதுபோல் ஓரம் பிய்ந்த இலை, உச்சியில் தட்டையாகப் பரந்த பூங்கொத்து, கசக்கினால் ஒரு கெட்ட வாடை. இவை எல்லாம் பொருந்தினால் அது ராக்வொர்ட். ஐரிஷ் மொழியில் பூகலான் என்பார்கள். ஐந்து இதழோடு நெய் தடவினாற்போல் மினுங்கும் சின்னப் பூவாக இருந்தால் அது பட்டர்கப், வேறு செடி. ராக்வொர்ட் கல்லீரலைக் கெடுக்கும் விஷம். பச்சையாக நிற்கும்போது கசப்பு இருப்பதால் மாடு ஒதுக்கிவிடும். அறுத்து வாட வைத்தால் கசப்பு போய்விடும், விஷம் போகாது. சைலேஜ் ஆனாலும் காய்ந்த புல் ஆனாலும் அப்படியே இருக்கும். உருண்டைக்குள் கலந்துவிட்டால் மாட்டால் பிரித்து ஒதுக்கவும் முடியாது. தின்று பல மாதம் கழித்துக்கூட நோய் தலைகாட்டும், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளாகப் பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை வயலிலேயே போட்டுவிட்டு வராதீர்கள், வாடியதை மாடு தின்னும். வெளியே கொண்டுபோய்விடுங்கள். கையால் பிடுங்கி முடியாத அளவு அடர்த்தி என்றால், இந்த வருடம் அந்த வயலில் சைலேஜ் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள். அங்கே மாட்டை விட்டாலும் தரை வரை வழித்து மேய விடாதீர்கள். பசி முற்றினால் கசப்பையும் தின்றுவிடும். இன்னொன்று, 1936ஆம் ஆண்டின் களைச் சட்டப்படி ராக்வொர்ட்டைப் பூத்துக் குலுங்க விடுவது அங்கே குற்றம். சாலையோர வயலாக இருந்தால் சீக்கிரம் கவனியுங்கள்.

சரி, இப்போது கத்தும் மாடுகளுக்கு வருவோம்.

புல் இருக்கிறது என்கிறீர்கள். நான் கேட்பது, இலை இருக்கிறதா? வயலுக்கு நடுவே போய்க் குனிந்து ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டு சிவந்து, இலையின் கீழ்ப்பக்கம் பளபளவென்று இருந்தால் அது ரைகிராஸ், மாட்டுக்கு மிக நல்ல புல். அதில் ஒரு சமயத்தில் உயிரோடு நிற்பது மூன்று இலைதான். நான்காவது வெளியே வரும்போது முதல் இலை அடியில் மஞ்சளாகிச் சாகத் தொடங்கிவிடும். கோடையில் ஏறக்குறைய வாரம் ஒரு இலை வரும், ஆக மூன்று வாரத்தில் புல் தயார். அதற்கு மேல் காத்திருந்தால் மேலே ஏறுவதை அடியில் இழக்கிறீர்கள். போதாக்குறைக்கு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ரைகிராஸ் கதிர் விடும். கதிர் விட்ட புல்லில் பாதிக்குமேல் தண்டுதான். கிட்டத்தட்ட வைக்கோல் போரில் கட்டிவைத்த கதைதான் உங்கள் மாடுகளுடையது. அதனால்தான் கேட்டுக்கு வந்து கத்துகின்றன.

நீங்கள் பிடுங்கிய தூரில் இன்னொன்றும் தெரியும். மேலே பச்சை, கீழே வெளிறிய மஞ்சள். வெயில் படாத அடிப்பாகம் அது. இப்போது அறுத்தாலும் மேய்த்தாலும் அந்த வெளிறிய அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்ப நாளாகும். போன வருடம் ஆகஸ்டில் புல் தீர்ந்ததற்கு நான் சந்தேகப்படுவது இதைத்தான். மழை குறைந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆகஸ்டின் பஞ்சத்தை ஜூனிலேயே உண்டாக்கிவிட்டோம் என்பதுதான் நான் அடிக்கடி காணும் கதை.

இது எப்படி நடந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளரும் மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 2 சதவீதம் அளவு உலர் தீனி தின்னும். தண்ணீரைக் கழித்த எடையைத்தான் உலர் எடை என்கிறோம். 400 கிலோ மாட்டுக்கு 8 கிலோ. 22 மாட்டுக்கு 176 கிலோ. சுமாரான பழைய புல்வெளிகூட மே, ஜூனில் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 20 கிலோ உலர் எடை வளரும். 30 ஏக்கரில் 600 கிலோ. வளர்வது 600, தின்பது 176. மீதி எங்கே போகும்? கதிராகும், தண்டாகும், உங்கள் முழங்காலைத் தாண்டும். மே மாதத்தில் உங்கள் மாடுகளுக்குத் தேவை 9 ஏக்கர்தான். 30 ஏக்கரிலும் கேட்டைத் திறந்துவிட்டு உலாவ விட்டதுதான் கோளாறு.

மீதி 21 ஏக்கரை என்ன செய்வது? குளிர்காலத்துக்கு ஒதுக்க வேண்டும். நவம்பரில் கொட்டகையில் ஏற்றி ஐந்து மாதம் வைத்திருப்பீர்கள் என்று கொள்கிறேன். 22 மாட்டுக்கும் சுமார் 130 உருண்டை வேண்டியிருக்கும். நல்ல முதல் அறுப்பில் ஏக்கருக்கு 10 உருண்டை கிடைக்கும், ஆக 13 ஏக்கர். வசந்தத்திலேயே அந்த 13 ஏக்கரை மூடி வைத்து, மே கடைசியில் கதிர் வருமுன் அறுத்திருக்க வேண்டும். அப்புறம் அதில் துளிர்க்கும் புல் ஜூலையில் மேய்ச்சலுக்குக் கைகொடுக்கும். மிச்சம் 8 ஏக்கர் கை இருப்பு மாதிரி. வளர்ச்சி குறைந்தால் மேயலாம், கூடினால் அதையும் கட்டலாம்.

இதெல்லாம் அடுத்த வருடத்துக்கு. இந்த ஜூலைக்கு என்ன வழி என்றால், மஞ்சள் பூ இல்லாத மூன்று வயலில் மோசமான இரண்டை முதலில் அறுத்துக் கட்டுங்கள். இரண்டு, மூன்று நாள் மழை இல்லாத இடைவெளி வேண்டும். அறுத்து ஒரு நாள் வாட விட்டு, உருண்டை கட்டி, பிளாஸ்டிக் சுற்றுவார்கள். ஒப்பந்தக்காரரை இன்றே கூப்பிட்டு வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்ததும் நாடே அவரைக் கூப்பிடும். இந்த உருண்டைகளில் சத்து குறைவாகத்தான் இருக்கும், மாட்டின் எடையை அப்படியே தாங்கும், ஏற்றாது. ஸ்பிரே பெயிண்டால் ஒரு குறி போட்டுத் தனியாக அடுக்குங்கள். இல்லையென்றால் ஜனவரி இருட்டில் எது நல்ல உருண்டை, எது தண்டு உருண்டை என்று யாருக்கும் தெரியாது.

உருண்டை கட்டாமல், மேலாக வெட்டி வயலிலேயே விட்டுவிடலாமே என்று பக்கத்துப் பண்ணையில் சொல்வார்கள். கொஞ்சம் புல் என்றால் பரவாயில்லை. முழங்கால் உயரத்தை வெட்டி அதன் மேலேயே போட்டால் அடியில் இருப்பது மூச்சுமுட்டி அழுகும். தண்டைத் தின்றே தீரட்டும் என்று மாட்டைப் பட்டினி போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. நல்ல இலைப் புல்லில் ஒரு காளை தினமும் ஒரு கிலோ எடை ஏறும். அதைக் கெடுத்துக்கொண்டு வயலைச் சுத்தம் செய்வதில் லாபம் என்ன?

அறுத்த இடத்துக்குக் கொட்டகைச் சாணக் கரைசல் இருந்தால் விடுங்கள், அல்லது ஏக்கருக்கு 10 கிலோ நைட்ரஜன் போதும். மாமா ‘20 யூனிட்’ என்று சொன்னால் அதுவும் இதே அளவுதான். சாணக் கரைசல் விடுவதற்கு அக்டோபர் 1 முதல் ஜனவரி நடு வரை தடை உண்டு, அதற்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வயலைத் துண்டு போடுவது. நான்கு பெரிய வயலையும் நிரந்தர வேலி போட்டுப் பிரிக்க வேண்டாம். ஒற்றை மின்கம்பி, சுருட்டி வைக்கும் உருளை, காலால் மிதித்து நடும் வளைந்த கம்புகள், இவை போதும். கம்பி உங்கள் இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருக்கட்டும். துண்டின் அளவு இப்படி: நல்ல மேய்ச்சல் புல்லில், அதாவது 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில், ஏக்கருக்கு சுமார் 550 கிலோ உலர் தீனி இருக்கும். உங்கள் 22 மாடும் மூன்று நாளில் தின்பது 528. ஆக ஒரு ஏக்கர், மூன்று நாள். மூன்று நாளுக்கு மேல் அதே துண்டில் விட்டால், முதல் நாள் கடித்த தூரில் வரும் புதுத் தளிரை நான்காம் நாள் மறுபடி கடிக்கும். புல்லுக்கு அதுதான் பெரிய அடி. பின்பக்கமும் ஒரு கம்பி போட்டு, மேய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகவிடாமல் தடுங்கள்.

உயரத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. உங்கள் ரப்பர் பூட்ஸில் அடியிலிருந்து 4 சென்டிமீட்டரில் ஒரு கோடு, 10 சென்டிமீட்டரில் ஒரு கோடு பெயிண்டால் போடுங்கள். மேல் கோட்டில் மாடு உள்ளே, கீழ்க் கோட்டில் வெளியே. வாரம் ஒருமுறை எல்லாத் துண்டிலும் நடந்து குறித்து வையுங்கள். இப்போது நிற்கும் புல் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று பாருங்கள். கோடையில் 12 முதல் 14 நாள் கையில் இருந்தால் சரி. 20 நாளுக்கு இருந்தால் ஒரு துண்டை உடனே மூடி உருண்டை கட்டுங்கள். அந்த முடிவை ஒரு வாரம் தள்ளிப் போட்டால்தான் மறுபடி தண்டு. அரசு ஆலோசனை அமைப்பான சாகஸ்க் இதற்கென்றே பாஸ்ச்சர்பேஸ் என்ற இணையக் கணக்கேடு நடத்துகிறது. கணவருக்குக் கணினி பழக்கம் என்றால் அதில் ஏற்றலாம். இல்லை, நோட்டுப் புத்தகமே போதும்.

மேய்ந்து முடித்த துண்டில் அங்கங்கே வட்ட வட்டமாக உயர்ந்த கரும்பச்சைப் புல் நிற்கும். நடுவே சாணி கிடக்கும். மாடு தன் சாணி விழுந்த இடத்தைச் சுற்றி மேயாது, குடற்புழுவிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் புத்தி அது. அந்த வட்டங்களையும் தின்ன வைக்க வேண்டும் என்று மாட்டைப் பிடித்து வைக்காதீர்கள். வட்டத்துக்கு வெளியே 4 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். பக்கத்தில் யாரிடமாவது ஆடு இருந்து, மாடு அந்தத் துண்டுக்குத் திரும்பி வருவதற்குள் அங்கே விட முடிந்தால், ஆடு அவற்றைக் கூச்சமில்லாமல் தின்றுவிடும்.

தண்ணீர்தான் உங்களுக்குத் தலைவலியாக இருக்கும். ஒரு வயலுக்கு ஒரு தொட்டி, அதுவும் கேட் மூலையில் என்று நினைக்கிறேன். தொட்டியை நடுவுக்கு நகர்த்தி விசிறி மாதிரித் துண்டு பிரித்தால் எல்லாத் துண்டுக்கும் ஒரே தொட்டி உதவும். வெயில் நாளில் 22 மாடும் ஒரே நேரத்தில் வந்து குடிக்கும், குழாயில் வேகம் வேண்டும்.

ஆகஸ்ட் தொடங்கியதும் சுற்றை நீட்டத் தொடங்குங்கள். வளர்ச்சி குறையக் குறைய ஒரு துண்டுக்குத் திரும்பி வரும் இடைவெளியை 25 நாள், செப்டம்பரில் 30, 35 நாள் என்று கூட்டினால் நவம்பர் வரை மேய்ச்சல் கிடைக்கும். தொடர்ந்து மழை பெய்து குளம்பு மண்ணில் புதைகிறது என்றால் மாட்டைக் காய்ந்த துண்டுக்கு மாற்றுங்கள். மிதித்துச் சேறான இடத்தில் அடுத்த வருடம் புல் வராது, ராக்வொர்ட்தான் முளைக்கும்.

மண் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்று மாமாவிடம் கேளுங்கள். அமிலம் கூடியிருந்தால் போட்ட உரத்தில் பாதி வீண். மண்ணின் பிஎச் 6.3க்குப் பக்கத்தில் வரும்வரை சுண்ணாம்பு இடுவதுதான் அங்கே மலிவான உரம்.

மாமாவிடம் பேசும்போது ஒரு விஷயம். எல்லாக் கேட்டையும் திறந்துவிட்டு மேய்ப்பது அவர் சோம்பலால் செய்ததல்ல. தனி ஆளாக, ஆடும் கன்றும் கலந்து மேய்த்த காலத்தில் அது ஓடியிருக்கும். ஒரே ஒரு வயலை மட்டும் துண்டு போட்டு ஆறு வாரம் நடத்திக் காட்டுங்கள். மாடு மாற்றும் நாளில் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கம்பியைத் தூக்குங்கள். 22 மாடும் வாலைத் தூக்கிக்கொண்டு புதுத் துண்டுக்குள் ஓடி, தலை குனிந்தபடி இலையைப் பறிக்கும் சத்தம் அவருக்கே கேட்கும்.

கம்பி இழுக்க வேலிப் புதரை வெட்ட வேண்டியிருந்தால் செப்டம்பர் வரை பொறுங்கள். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அங்கே வேலிப் புதர் வெட்டத் தடை இருக்கிறது. இப்போதைக்குப் புதரிலிருந்து ஒரு கஜம் தள்ளிக் கம்பை நட்டுக்கொள்ளுங்கள்.